உரக்கப் பாடாத பாடகர்

சங்கீத ரஸிகர்களில் இரண்டு வகை உண்டு. பாடகர் மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்து, மூச்சடக்கி நின்று, மண்டபமே அதிரும்படி இறங்கி வந்தால்தான் "பேஷ்!" என்று தொடையில் தட்டுகிறவர்கள் ஒரு வகை. கச்சேரி முடிந்து வீடு திரும்பி, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, பாடகர் தமக்குத்தாமே முனகிக்கொண்டதுபோல் எங்கோ நடுவில் பாடிய ஒரு சிறு சங்கதி காதில் திரும்பத் திரும்ப ஒலித்துத் தூக்கத்தைக் கெடுக்க, அதிலே சுகம் காண்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாரின் கரகோஷம் அன்றைக்கே கேட்டுவிடும். இரண்டாம் வகையாரின் கரகோஷம் கேட்பதற்குச் சில சமயம் முப்பது வருஷம் ஆகிவிடும். அதற்குள் பாடியவரே போய்விட்டிருப்பார்.

அப்படிப் போய்விட்ட ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவர் பெயர் நிக் டிரேக். ஆங்கிலேயர். இருபத்தாறு வருஷமே வாழ்ந்தவர். மூன்றே மூன்று இசைத்தட்டுத் தொகுதிகளை விட்டுச் சென்றவர்.

இன்றைக்கு மேல் நாடுகளில், கையில் ஒரு கிதாரும் நெஞ்சில் ஒரு துயரமுமாக, தாமே பாட்டுக் கட்டித் தாமே மெல்லிய குரலில் பாடும் இளைஞர் கூட்டம் ஒன்று பெருகியிருக்கிறது. 'இண்டி போக்' என்று அந்த வகைக்குப் பெயர். 'போக்' என்பது நாடோடிப் பாடலைக் குறிக்கும். 'இண்டி' என்பது சுதந்திரம் என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையின் குறுக்கம். பெரிய கம்பெனிகளின் தயவை நாடாத சுயராஜ்ய சங்கீதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சுயராஜ்யவாதிகளில் பலர் யாரைக் குருவாக எண்ணுகிறார்கள் என்று விசாரித்தால், நிக் டிரேக்கின் பெயர்தான் அடிக்கடி காதில் விழும். அந்தப் பெயர் வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

தேக்கும் பியானோவும்

நிக் டிரேக் பிறந்த ஊரைக் கேட்டால் நேயர்கள் சற்று ஆச்சரியப்படுவார்கள். லண்டன் அல்ல, ரங்கூன்! நம்மவர் எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வும் தாழ்வும் தந்த அதே ரங்கூன். 1948-ம் வருஷம் ஜனவரியில் பர்மா சுதந்திரம் பெற்றது. ஜூன் 19-ந் தேதி இந்தக் குழந்தை பிறந்தது.

தகப்பனார் ராட்னி டிரேக் ஓர் இன்ஜினீயர். பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியில் உத்தியோகம். பர்மாவின் தேக்குக் காடுகளை அறுத்துத் தள்ளிய கம்பெனி அது. அந்தக் கம்பெனிக்கு மன்னர் தீபாவின் சர்க்கார் விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் 1885-ல் ஆங்கிலேயர் படையெடுத்து மன்னரைச் சிறைப்பிடித்தார்கள். இது சரித்திரம்.

தாயார் மாலி ரங்கூனிலேயே பிறந்தவர். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்து வந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். அதே போரில் மாலியும் தம் சகோதரியோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். டில்லியில் இருவரும் 'லாயிட் ஸிஸ்டர்ஸ்' என்ற பெயரில் அகில இந்திய ரேடியோவில் பாடினார்கள். மூத்த குழந்தையான காப்ரியேல் 1944-ல் லாகூரில் பிறந்தாள். பிற்காலத்தில் அவர் பெயர் பெற்ற நடிகையானார்.

1950-களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிற்று. வார்விக்ஷயர் ஜில்லாவில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற சிறு கிராமம். 'பார் லீஸ்' என்று பெயரிட்ட வீடு. பர்மாவிலிருந்து உடன் வந்த காரென் இனத்துத் தாதி ஒருத்தியும் அந்த வீட்டில் இருந்தாள். கூடத்தில் ஒரு பியானோ. வேலைகளுக்கு நடுவே அந்தப் பியானோவின் முன் உட்கார்ந்து, தாமே கட்டிய பாட்டுக்களைத் தாழ்ந்த குரலில் பாடுவார் மாலி. கணவர் இன்ஜினீயர் அல்லவா? ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்து அந்தப் பாட்டுக்களைப் பதிவு செய்தார். பிரசுரிக்கும் எண்ணமெல்லாம் கிடையாது; வீட்டோடு சரி.

அந்தப் பதிவுகள் 2013-ல்தான் பரவலாக வெளிவந்தன. மாலி இறந்து அப்போது இருபது வருஷமாகியிருந்தது. அவற்றைக் கேட்ட ரஸிகர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். எதிர்பாராத இடத்தில் திரும்பும் மெட்டு, சந்தோஷத்துக்கு அடியில் ஓடும் ஏக்கம், சொல்லாமல் விட்டதே அதிகம் என்று தோன்றச் செய்யும் அடக்கம் — மகனுடைய பாட்டின் குணங்களென்று உலகம் எண்ணியிருந்தவையெல்லாம் அம்மாவின் பாட்டில் முன்பே இருந்தன. அடுப்பங்கரையில் அம்மா முணுமுணுத்த பாட்டுத்தான் தன் முதல் பாடம் என்று சொல்லாத வித்வான் நம் நாட்டிலும் அபூர்வம்தானே?

வலைகட்டிக் கயிற்றில் நடக்க மாட்டேன்!

சிறு வயதில் நிக் சோகப் பிள்ளையாக இருந்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மார்ல்பரோ பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தய வீரன். பியானோ, கிளாரினெட், ஸாக்ஸபோன் எல்லாம் பழகினான். 1965-ல் பதின்மூன்று பவுனுக்கு ஒரு கிதார் வாங்கினான். அதோடு மற்ற வாத்தியங்கள் ஓரத்துக்குப் போயின. 1967-ல் சில மாதங்கள் பிரான்ஸின் தென் பகுதியில் தங்கி இரவு பகலாகச் சாதகம் செய்தான். அவ்வருஷமே கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தான்.

அங்கே படித்துக்கொண்டிருக்கையில் லண்டனில் நடந்த ஒரு கச்சேரியில் அவர் பாடியதை, 'பேர்போர்ட் கன்வென்ஷன்' என்ற பிரபல கோஷ்டியைச் சேர்ந்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் கேட்டார். ஜோ பாய்ட் என்ற இளம் அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் போய்ச் சொன்னார். 'விட்ச்ஸீஸன்' என்ற சிறு ஸ்தாபனத்தை நடத்தி வந்த பாய்ட், மாணவர் கொடுத்த பதிவைக் கேட்ட மாத்திரத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். தட்டுக்களை வெளியிடும் பொறுப்பு 'ஐலண்ட்' கம்பெனியினுடையது.

பட்டப் பரீட்சை எழுதாமலே கல்லூரியை விட்டுவிட நிக் தீர்மானித்ததும் தகப்பனார் கவலைப்பட்டார். பட்டம் என்பது கழைக்கூத்தாடிக்குக் கீழே கட்டிய வலை மாதிரி. விழுந்தால் காப்பாற்றும் என்று எடுத்துச் சொன்னார். அந்த வலைதான் தமக்கு வேண்டாத ஒன்று என்று மகன் பதில் சொன்னார். எந்த வீட்டிலும் எழக்கூடிய விவாதம்தான் இது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பின்னால் நடந்ததை அறிந்தவர்களுக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று இப்போதும் தெரியாது.

சுருதியின் இரகசியம்

நிக் டிரேக்கின் சங்கீதத்தில் அப்படி என்ன விசேஷம்?

கிதாருக்கு ஆறு தந்திகள். இன்ன தந்தியை இன்ன சுருதியில் கூட்ட வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. இவர் அந்தச் சம்பிரதாயத்தை வேண்டியபோதெல்லாம் மீறினார். கடைசித் தொகுதியின் சில பாட்டுக்களுக்கு அவர் கூட்டியிருக்கும் முறையை நம் ஸ்வரங்களில் சொன்னால், தடித்த தந்தியிலிருந்து தொடங்கி ஸ, ப, ஸ, ம, ஸ, க என்று வரும். நம் தம்புராவைப்போல் ஷட்ஜமும் பஞ்சமமும் அடியில் நின்று ரீங்காரம் செய்யும். ஆனால் தம்புராவில் இல்லாத மத்திமமும் காந்தாரமும் மேலே ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும். விரலை எங்கும் அழுத்தாமல் தந்திகளைத் தடவினாலே தீராத ஓர் ஏக்கம் எழும்பிவிடும். பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே பாவம் வந்துவிடுகிறது!

அதன்மேல் வலது கையின் வேலை. கட்டை விரல் கனத்த தந்திகளில் ஒரு நடையைப் பிசகாமல் நடத்திச் செல்லும். மற்ற விரல்கள் வேறொரு கணக்கில் பின்னிக்கொண்டு போகும். கேட்கிறவர்கள் இரண்டு பேர் வாசிப்பதாக எண்ணுவார்கள். இவ்வளவு சிக்கலிலும் கடிகாரம் போன்ற நிதானம். ஒரு தந்திகூட இடறாது.

குரலோ நேர் விரோதம். கிதார் தாளத்தைக் கட்டிப் பிடித்திருக்க, குரல் தாளத்தைப் பற்றி லட்சியம் செய்யாததுபோல் சற்றுப் பின்னால் வந்து சேரும். கமகமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதையோடு பாடுவது போலிருக்கும். நதியும் மரமும் நிலவும் பருவங்களும்தான் சாகித்யத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே தன் மனத்தை முழுவதும் சொல்லிவிடும் தந்திரம் அது.

1969-ல் வந்த முதல் தொகுதி 'பைவ் லீவ்ஸ் லெப்ட்'. "ஐந்து தாள் பாக்கி" என்று அர்த்தம். சிகரெட் சுற்றும் தாள் கட்டில், தாள் தீரப்போகிறது என்று எச்சரிக்க அச்சிட்டிருக்கும் வாசகம் அது! செல்ஸியில் பழைய பால் பண்ணைக் கட்டிடம் ஒன்றில் அமைந்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜான் வுட் என்ற நிபுணர் பதிவு செய்தார். பக்கவாத்தியமாகப் பிடில் கோஷ்டி வைக்க அனுபவஸ்தர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் அமைத்தது நிக்குக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்தே பேசாத அந்த வாலிபர் இந்த விஷயத்தில் மட்டும் அசையவில்லை. கேம்பிரிட்ஜில் தம்முடன் படித்த ராபர்ட் கிர்பிதான் அமைக்க வேண்டும் என்றார். தொழில் அனுபவமே இல்லாத மாணவர் கிர்பி. எல்லாருக்கும் பயம். பதிவு தொடங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம் பயம் ஆனந்தமாக மாறிவிட்டது. 'வே டு புளூ' என்ற பாட்டில் கிதாரே கிடையாது. கிர்பியின் பிடில்கள் மட்டும் குரலைத் தாங்கிச் செல்கின்றன.

'ரிவர் மேன்' என்ற பாட்டை அமைப்பது தம்மால் ஆகாது என்று கிர்பியே ஒதுங்கிக்கொண்டார். காரணம் இல்லாமல் இல்லை. மேல் நாட்டுப் பாட்டுக்கள் பெரும்பாலும் மூன்றிலும் நான்கிலும் நடப்பவை. இது ஐந்து அக்ஷரத்தில் நடக்கிறது. கண்ட நடை கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது வீட்டு வாசற்படி மாதிரி. அவர்களுக்கோ காட்டு வழி. ஹாரி ராபின்ஸன் என்பவர் வந்து அமைத்தார். பிடில் கோஷ்டி சூழ்ந்து வாசிக்க, நடுவில் நிக் ஒரே சமயத்தில் கிதார் மீட்டிப் பாட, ஒட்டுமொத்தமாகப் பதிவாயிற்று. கூட்டி ஒட்டிய வேலை ஒன்றுமில்லை. ஐந்து அக்ஷரத்து நதி கரை தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

வாங்குவாரில்லை

இவ்வளவும் இருந்து என்ன? தட்டு விற்கவில்லை. 1971-ல் வெளியான இரண்டாவது தொகுதி 'பிரைட்டர் லேட்டர்' நிச்சயம் விற்கும் என்று பாய்ட் நம்பினார். மிருதங்க ஸ்தானத்தில் டிரம், பித்தளை வாத்தியங்கள் என்று பரிவாரமெல்லாம் சேர்த்தார். அதுவும் விற்கவில்லை. அவர் ஜீவித காலத்தில் எந்தத் தொகுதியும் 5,000 பிரதியைத் தாண்டவில்லை என்று சொல்வார்கள். பாரதியார் நூல்களின் கதையை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

கச்சேரி செய்து புகழ் தேடலாம் அல்லவா? அங்கேதான் வந்தது சங்கடம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சுருதி. ஒரு பாட்டு முடிந்ததும் தந்திகளையெல்லாம் மாற்றிக் கூட்ட வேண்டும். நம் வித்வானாயிருந்தால் அந்த இடைவேளையில் ஒரு ஹாஸ்யம் சொல்லிச் சபையைக் குளிர்வித்திருப்பார். நிக் தலையைக் குனிந்தபடி மௌனமாகத் தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பார். 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் அமைதியான சபை வாய்த்தபோது சோபித்தார். மதுக் கோப்பைகள் கலகலக்கும் விடுதிகளில் அவர் குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. ஒரு முறை பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மேடையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். பத்திரிகைப் பேட்டி என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். வளர்ந்த பிறகு அவர் பாடுவதைக் காட்டும் சலனப்படம் ஓரடிகூடக் கிடையாது.

பாய்ட் தமது ஸ்தாபனத்தை ஐலண்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போனார். போகும்போது ஒரு நிபந்தனை விதித்தார்: நிக் டிரேக்கின் தட்டுக்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் அவற்றை ஒருபோதும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. இந்த ஒரு வரியை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இரவுகள்

1971 அக்டோபர். நிக் தாமாகவே ஜான் வுட்டிடம் சென்று பதிவு செய்ய வேண்டும் என்றார். பகலில் கூடம் ஒழிவில்லை. இரவு வெகுநேரத்துக்குப் பிறகு தொடங்கினார்கள். இரண்டே பேர்; இரண்டே இரவு. பிடில் இல்லை, டிரம் இல்லை. ஒரு கிதார், ஒரு குரல். முதல் பாட்டில் மட்டும் பின்னால் சேர்த்த சில பியானோச் சொட்டுக்கள். பதினொரு பாட்டு, இருபத்தெட்டு நிமிஷம். 'பிங்க் மூன்' என்ற பெயரில் 1972 பிப்ரவரியில் வெளிவந்தது. அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மூல விக்கிரகத்தைத் தரிசிப்பது போன்றது அதைக் கேட்பது. அதுவும் விற்கவில்லை.

அதற்குள் அவர் பெற்றோரிடம் திரும்பி வந்துவிட்டார். மனச்சோர்வு நோய் முற்றியிருந்தது. நாள் கணக்கில் பேச்சில்லை. இரவில் காரை எடுத்துக்கொண்டு இலக்கில்லாமல் போவார். பெட்ரோல் தீர்ந்து நின்ற இடத்திலிருந்து தகப்பனார் போய் அழைத்து வருவார். மகனுடைய நிலையை அந்தத் தகப்பனார் ஒரு டைரியில் குறித்து வந்தார். அதன் பகுதிகள், சகோதரி காப்ரியேல் 2014-ல் கொண்டுவந்த புஸ்தகத்தில் வெளியாகியிருக்கின்றன. படிக்கும்போது கண் கலங்காமல் இராது. அந்தப் பெற்றோர் அலட்சியமாக இருந்தவர்கள் அல்ல. வைத்தியர்களிடம் காட்டினார்கள், மகன் போக்கிலே விட்டுப் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். அன்பு எவ்வளவு உண்டோ அவ்வளவும் அங்கே இருந்தது. நோயோ அதைவிடப் பிடிவாதமாயிருந்தது.

1974-ல் பாய்டைச் சந்தித்தபோது, தம்மை மேதை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படியானால் ஏன் யாரும் கேட்பதில்லை என்று கோபத்தோடு கேட்டாராம். அவ்வருஷம் இன்னும் சில பாட்டுக்களைப் பதிவு செய்தார். ஆனால் ஒரே சமயத்தில் வாசிக்கவும் பாடவும் அப்போது அவரால் முடியவில்லை. கிதாரைத் தனியே பதிந்து, பிறகு குரலைச் சேர்த்தார்கள். 'ரிவர் மே'னைப் பிடில்களின் நடுவே ஒரே மூச்சில் பாடியவர்!

1974 நவம்பர் 25-ந் தேதி தம் படுக்கை அறையில் உயிர் துறந்தார். மனச்சோர்வுக்காகக் கொடுத்திருந்த மருந்து அளவு மீறியதே காரணம். தற்கொலை என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அப்படியல்ல, தவறுதலாக நேர்ந்ததே என்று அவரை அறிந்தவர்கள் சிலர் நம்பினார்கள். கிராமத்து மாதா கோவில் வளாகத்தில் ஓர் ஓக் மரத்தின் கீழ் அவரைச் சேர்த்தார்கள்.

கேட்ட கரகோஷம்

இப்போது பாய்டின் நிபந்தனையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்காத தட்டு கடையில் இருந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கு ஒருவர் இருவராக யாரோ வாங்கினார்கள், நண்பருக்குக் கொடுத்தார்கள், நண்பர் அழுதார். 1979-ல் எல்லாத் தொகுதிகளும் சேர்ந்த ஒரு பெட்டி வெளிவந்தது. 1985-ல் 'டிரீம் அகாடமி' என்ற கோஷ்டி தங்கள் பிரபலமான பாட்டொன்றை அவர் நினைவுக்கு அர்ப்பணம் செய்தது. எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் பார் லீஸ் வீட்டைத் தேடி வந்தார்கள். முதிய பெற்றோர் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்து, மகன் வீட்டில் பாடிய பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள்.

1999–2000-ல் ஓர் அமெரிக்க மோட்டார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' பாட்டு ஒரு நிமிஷம் ஒலித்தது. யார் இவர் என்று நாடே கேட்டது. முப்பது வருஷமாக விற்காத தட்டு வாரக் கணக்கில் விற்றுத் தள்ளிற்று. மோட்டார் விற்கப் பாட்டா என்று கோபப்பட்ட ரஸிகர்களும் உண்டு. மோட்டார் விற்றதோ என்னவோ, பாட்டு விற்றது.

2024 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பி.பி.ஸி. வாத்திய கோஷ்டி நிக் டிரேக்கின் பாட்டுக்களை ஒரு மாலை முழுவதும் வாசித்தது. 5,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மண்டபம் அது. அவர் உயிரோடிருந்தபோது எந்தத் தட்டையும் வாங்க அத்தனை பேர் முன்வரவில்லை.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, "உலகமே இப்படித்தான், இருக்கும்போது மதிக்காது" என்று பெருமூச்சு விட்டு ஏட்டை மூடிவிடுவது சுலபம். ஆனால் பெருமூச்சு யாரையும் காப்பாற்றியதில்லை. விற்காத தட்டைத் தூக்கி எறியாதே என்று ஒருவர் எழுதி வாங்கிய ஒரு வரி அந்தச் சங்கீதத்தைக் காப்பாற்றியது. மனைவியின் முணுமுணுப்பையும் மதித்துப் பதிவு செய்து வைத்த ஒரு கணவரால் மாலியின் பாட்டுக்கள் பிழைத்தன. நம் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடுகிற பிள்ளையோ பெண்ணோ இருக்கக்கூடும். அடுப்பங்கரையில் அம்மாவும் இருக்கிறாள். ரேடியோவைச் சற்று நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்போம். உரக்கப் பாடத் தெரியாதவர்கள் இரண்டு முறை கூப்பிடமாட்டார்கள்.